‘கோட்தான் டாக்குமெண்ட்’ என்னும் சாக்கு

மென்பொருள் அலுவலகங்களில் ஒரு கருத்து ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. நல்ல நிரலுக்கு விளக்கம் தேவையில்லை, படிக்கத் தெரிந்தவருக்குக் கோட்தான் டாக்குமெண்ட் என்பது அது. மிச்சத்துக்கு ஜிரா டிக்கெட் இருக்கிறது, கிட் வரலாறு இருக்கிறது, தினமும் காலையில் ஸ்டேண்ட்-அப் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது ஒருவர் தனியாக உட்கார்ந்து, இன்று எதை முயன்றேன், எதைக் கைவிட்டேன், ஏன் கைவிட்டேன் என்று எழுதிக்கொண்டிருந்தால், வேலையைத் தள்ளிப்போட வழி தேடுகிறார் என்றுதான் பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பார். இதைச் சோம்பேறிகள் மட்டும் சொல்வதில்லை. திறமைசாலிகளும் சொல்கிறார்கள், சொல்லப்போனால் அவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள், கொஞ்சம் பெருமிதத்தோடு. என் நிரல் தெளிவானது, அதற்கு உரையாசிரியர் வேண்டாம் என்கிற பெருமிதம் அது. அதில் பாதி நியாயம் இருப்பதால்தான் இந்தக் கருத்தை எதிர்த்து வாதாட வேண்டியிருக்கிறது. முழுக்க அபத்தமாக இருந்திருந்தால் தானாகவே உதிர்ந்திருக்கும். நான் இங்கே பேசுவது நூறு பக்க வடிவமைப்பு ஆவணத்தைப் பற்றி அல்ல. மேலாளருக்கு அனுப்பும் ஸ்டேட்டஸ் மெயிலைப் பற்றியும் அல்ல. வேலையைச் செய்கிறவரே, செய்துகொண்டிருக்கும்போதே, தேதி போட்டு எழுதிவைக்கும் முன்னேற்றக் குறிப்பைப் பற்றி: என்ன செய்து பார்த்தேன், என்ன நடந்தது, எந்த வழி அடைபட்டது, எந்தச் சந்தேகத்தோடு இன்று நிறுத்துகிறேன் என்கிற சில வரிகள். இந்தச் சில வரிகள் தேவையற்றவை என்பவர்கள், நிரல் என்றால் என்ன என்பதையே பாதிதான் பார்க்கிறார்கள் என்பது என் வாதம்.

இந்த மனப்போக்குக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கை. விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளுக்கே முதலிடம் என்று அதில் ஒரு வரி உண்டு. பின்தள்ளப்பட்டவற்றுக்கும் மதிப்பு இருக்கிறது என்று அதே அறிக்கை முடிவில் ஒப்புக்கொள்வதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. அந்தப் பதினேழு பேர் எதை எதிர்த்தார்கள் என்று பார்த்தால் அவர்கள்மேல் கோபம் வராது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், 1975இல் வந்த ‘தி மிதிக்கல் மேன்-மந்த்’ நூலில் அந்தத் திட்டத்தின் பணிப்புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறார். ஆறே மாதத்தில் அது ஏறத்தாழ ஐந்தடி கனத்துக்கு வளர்ந்துவிட்டது. அன்றாடம் வந்து குவியும் திருத்தப் பக்கங்களை உரிய இடத்தில் செருகுவதே ஒரு தனி வேலையானது. கடைசியில் மைக்ரோஃபிஷுக்கு மாறினார்கள். இப்படிப்பட்ட காகித மலையின் கீழ் நசுங்கிய தலைமுறை, ஆவணம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சலடைந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த எரிச்சல் தன் இலக்கோடு நிற்கவில்லை. மேலிருந்து திணிக்கப்பட்ட ஐந்தடிப் புத்தகத்தை ஒழிக்கக் கிளம்பியவர்களின் வாரிசுகள், நிரலர் தன் கையால் எழுதிக்கொள்ளும் கால் பக்கத்தையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே சாதி என்று யாரும் நிறுவிக் காட்டியதில்லை, காட்டவும் முடியாது.

நிரல் எதைச் சொல்லும்? கணினி என்ன செய்ய வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். எதைச் சொல்லாது? அதை எழுதியவர் வேறு எதையெல்லாம் செய்யாமல் விட்டார், ஏன் விட்டார் என்பதைச் சொல்லவே சொல்லாது. எவ்வளவு அழகாகப் பெயரிட்டாலும், எவ்வளவு சின்னச் சின்ன ஃபங்ஷனாக உடைத்தாலும், கைவிடப்பட்ட வழிக்கு நிரலில் இடமில்லை. இடமில்லாததால்தான் அது கைவிடப்பட்ட வழி. இது நடைக் குறைபாடு இல்லை, நிரலின் இயல்பு. இதற்கு டெபியன் லினக்ஸில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இணையத்தின் பாதுகாப்புக்கு அடித்தளமான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் கோப்பில், ஒரே மாதிரி இரண்டு வரிகள் இரண்டு இடங்களில் இருந்தன. நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரிண்ட் என்ற கருவி, மதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்று அங்கே எச்சரித்துக்கொண்டே இருந்தது. 2006இல் டெபியனுக்காக அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர் இரண்டு வரிகளையும் நீக்கினார். கண்மூடித்தனமாக அல்ல, ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தின் அஞ்சல் குழுவில் கேட்டுவிட்டுத்தான் நீக்கினார். இரண்டில் ஒன்று போனால் நட்டமில்லை. மற்றொன்றுதான் சேகரித்த சமவாய்ப்புத் தகவல் முழுவதையும் உள்ளே கலக்கும் வரி. அது போனதும் மிஞ்சிய ஒரே வேறுபாடு பிராசஸ் எண்தான். உருவாகக்கூடிய சாவிகள், ஒரு வகைக்கு 32,000 சொச்சம் என்று சுருங்கிவிட்டன. ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் உட்கார்ந்து எண்ணிவிடும். 2008 மே மாதம் இந்தப் பிழை வெளிவரும்வரை, டெபியனிலும் அதைத் தழுவிய உபுண்டுவிலும் இந்த நூலகத்தைக் கொண்டு உருவான சாவிகள் எல்லாம் அந்தச் சின்னப் பட்டியலுக்குள்தான் அடங்கிக் கிடந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டு வரிகளும் மிகத் தெளிவானவை என்பது. என்ன செய்கின்றன என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. இரண்டில் தீங்கற்ற வரியின் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருந்தது. பியூரிஃபை என்ற இன்னொரு சோதனைக் கருவி இதைப் பார்த்துப் புகார் சொல்கிறது என்று மட்டும் அது சொன்னது. உயிர்நாடியான வரியின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் புகாரை ஏன் பொருட்படுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்குக் காரணம் தெரிந்திருக்கும். இரண்டு வரிகளின் முக்கியத்துவமும் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்கும். அதை ஒரு வாக்கியமாக எழுத ஒரு நிமிடம் போதும். எழுதியிருந்தால் பின்னால் வந்தவர் கேள்வியையே வேறு விதமாகக் கேட்டிருப்பார். நிரலைப் படித்தாலே போதும் என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது, இந்த இரண்டு வரிகளில் எது எது என்று நிரலை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா என்பதுதான். மறையியலில் ஊறிய ஒருவர் நேரமெடுத்துச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தொடர்ந்து படித்தால் சொல்லலாம். ஆனால் பராமரிப்பு வேலை பெரும்பாலும் அப்படிப்பட்டவர் கையில், அப்படிப்பட்ட ஓய்வில் நடப்பதில்லை.

இதைவிடப் பெரிய விலை கொடுத்த பாடம் 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில், கூரூ ஏவுதளத்தில் கிடைத்தது. ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. உள்ளே கிளஸ்டர் ஆய்வுத் திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்கள். காரணம், முந்தைய ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்துவந்த வழிகாட்டும் கருவியின் மென்பொருள். கிடைத்திசை வேகம் தொடர்பான ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் போய், கருவி செயலிழந்தது. அதே மென்பொருளோடு தயார்நிலையில் இருந்த மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் கண்ணிமைக்கும் நேரம் முன்னதாகவே செத்திருந்தது. இது வெறும் கவனக்குறைவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே தந்த அறிக்கை வேறு கதை சொல்கிறது. இப்படி ஆபத்துக்குள்ளாகக்கூடிய மாறிகள் ஏழு என்று முன்பே கண்டிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்புப் போட்டார்கள், மூன்றை விட்டார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்கு ஒரு காரணம். அந்த மூன்று மதிப்புகளும் எல்லை மீறாது என்ற கணிப்பு இன்னொன்று. ஏரியன் 4இன் பறப்புப் பாதைக்கு அந்தக் கணிப்பு சரி. ஏரியன் 5 கிளம்பியவுடன் கிடைத்திசையில் அதைவிட வேகமாகச் சாயும்.

ஆக, சிந்தித்துத்தான் முடிவெடுத்தார்கள். பல ஒப்பந்த நிலைகளில் இருந்தவர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட முடிவு அது. பிறகு என்ன ஆயிற்று? விசாரணை அறிக்கை சொல்வது இதுதான்: அந்த முடிவுக்கான நியாயம் நிரலில் எங்கும் நேரடியாகக் குறிப்பிடப்படவில்லை, பெருந்தொகையான ஆவணங்களுக்கு நடுவே, யாரும் வேண்டுமென்று மறைக்காமலே அது வெளியார் பார்வைக்கு மறைந்துபோயிற்று. என் எதிர்த்தரப்பு இந்த வாக்கியத்தின் பின்பாதியைப் பிடித்துக்கொள்ளும். பார்த்தீர்களா, ஆவணங்கள் குவிந்ததால்தானே உண்மை தொலைந்தது என்று கேட்கும். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் முன்பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். பாதுகாப்பில்லாத மூன்று மாறிகள் இருந்த இடத்திலேயே, ‘ஏரியன் 4இன் பாதைக்கு இந்த மதிப்பு இவ்வளவைத் தாண்டாது, சுமை கருதி விட்டிருக்கிறோம், ராக்கெட் மாறினால் மறுபடி கணக்கிடவும்’ என்று எழுதியிருந்தால், அதை எடுத்து ஏரியன் 5இல் வைத்தவர் கண்ணில் அது படாமல் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆக, ஆவணத்தின் கனம் எவ்வளவு என்பதைவிட, காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் பெரிது. கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலரின் நிரலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். சிக்கலான முடிவு ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்ட ஒரு குறிப்பு அந்தக் கோப்பிலேயே இருக்கும். அந்த முடிவைச் சார்ந்த இடங்களிலெல்லாம், இன்ன குறிப்பைப் பார்க்கவும் என்று ஒரு வரி இருக்கும். ஆட்கள் மாறிமாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவரும் மென்பொருள் அது.

கிட் இருக்கிறதே என்பார்கள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய அந்தக் கருவியின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட கமிட் செய்தி உண்மையிலேயே நல்ல முன்னேற்றக் குறிப்பு. லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் இரண்டு வரித் திருத்தத்துக்கு இரண்டு பத்தி விளக்கம் எழுதிய கமிட்டுகள் ஏராளம். ஆனால் நம் அலுவலகங்களின் கிட் வரலாற்றைத் திறந்து பாருங்கள். ‘ஃபிக்ஸ்’, ‘மைனர் சேஞ்ச்’, ‘ரிவ்யூ கமெண்ட்ஸ் அட்ரஸ்டு’ என்று வரிசையாக நிற்கும். அதைவிட முக்கியம், கிட்டில் ஏறுவது வென்ற முயற்சி மட்டுமே. மூன்று நாள் முயன்று பலிக்காத வழி பிராஞ்சோடு அழிக்கப்படுகிறது. மிஞ்சியதும் ஸ்குவாஷ் செய்யப்பட்டு ஒற்றைக் கமிட்டாகிறது. அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர் அதே வழியைக் கண்டுபிடித்துப் பூரித்து, அதே மூன்று நாளைச் செலவழிப்பார். குவேக் விளையாட்டை உருவாக்கிய ஜான் கார்மாக், 1996 முதல் தன் அன்றாடக் குறிப்புகளை ‘.பிளான்’ கோப்பில் எல்லோரும் பார்க்க வைத்திருந்தார். அன்றே முடித்ததற்கு ஒரு நட்சத்திரக் குறி, பிறகு முடித்ததற்குக் கூட்டல் குறி. மூன்றாவதாக ஒரு கழித்தல் குறியும் உண்டு: செய்ய வேண்டாம் என்று பின்னர் முடிவெடுத்தவற்றுக்கு. அந்தக் கழித்தல் குறிக்கு எந்த வெர்ஷன் கன்ட்ரோலிலும் ஈடு கிடையாது. ஜிராவில் ‘வோண்ட் ஃபிக்ஸ்’ இருக்கிறதே என்று சொல்லலாம். அதன் கீழ் காரணம் எழுதியிருப்பதைப் பார்ப்பது அபூர்வம்.

டொனால்ட் கனூத்தின் உதாரணம் இன்னும் வலுவானது, ஏனென்றால் நிரலின் தெளிவைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க யாருக்கும் தகுதியில்லை. நிரலையும் விளக்கத்தையும் ஒரே கட்டுரைபோல் பின்னி எழுதும் முறையை முன்வைத்தவரே அவர்தான். அவரே 1978இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைச் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து, செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகப் பதிந்துவந்தார். 1989இல் ‘டெக்கின் பிழைகள்’ பற்றி அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பட்டியல் முழுதாக இருக்கிறது. 800க்கும் மேற்பட்ட பதிவுகள், 15 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து. தட்டச்சுப் பிழை முதல், எதிர்பாராத சூழலில் தடுமாறிய வடிவமைப்பு வரை எதையும் அவர் மறைக்கவில்லை. எந்த வகைத் தவறை எந்தக் கட்டத்தில் அதிகம் செய்தோம் என்று ஒரு நிரலர் தன்னைப் பற்றியே தெரிந்துகொள்ள இதைத் தவிர வேறு வழி இல்லை. முடிந்த நிரலில் இந்தப் பிழைகளின் சுவடே கிடையாது. திருத்தப்பட்டதால் காணாமல் போனவை அவை.

குறிப்புகள் பழசாகிவிடும், பழைய குறிப்பு ஆளைத் தவறாக வழிநடத்தும் என்பது அடுத்த ஆட்சேபம். நிரல் எப்படி இயங்குகிறது என்று பொதுவாக விவரிக்கும் ஆவணத்துக்கு இது முழுக்கப் பொருந்தும். நிரல் மாறும், விவரணை மாறாமல் கிடக்கும், கொஞ்ச நாளில் அது பொய்யாகும். ஆனால் தேதியிட்ட குறிப்பு அந்தச் சாதி அல்ல. சோழர் காலக் கல்வெட்டு, இன்ன மன்னரின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்னார் இந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார் என்று சொல்கிறது. அந்த நிலம் பிற்பாடு பத்துக் கை மாறியிருந்தாலும் கல்வெட்டு பொய்யாவதில்லை. மார்ச் 4 அன்று இந்த நூலகத்தின் இந்தப் பதிப்பில் இப்படி முயன்றேன், நினைவகம் நிரம்பி நின்றுவிட்டது என்ற குறிப்பும் அப்படித்தான். நூலகத்தின் புதுப் பதிப்பு வந்து நிலைமை மாறினாலும், என்ன சூழலில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று தெரிவதால் அதை மறுபரிசீலனை செய்யலாம். காரணம் தெரியாத பழைய முடிவைத்தான் யாரும் தொடத் துணிய மாட்டார்கள். பல அலுவலகங்களில் ‘இதைத் தொடாதே, ஏதோ காரணத்துக்காக வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லிச் சொல்லியே பத்தாண்டு கடந்த நிரல் துண்டுகள் இருக்கின்றன.

இந்த ஆட்சேபங்களையெல்லாம்விட ஆழமான ஒன்றை, குறிப்புகளுக்கு எதிரானவர்களே பெரும்பாலும் எடுத்துவைப்பதில்லை. அவர்களுக்காக நானே வைக்கிறேன். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர், 2005ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றவர், 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் நிரலாக்கம் என்பது அடிப்படையில் ஒரு கோட்பாட்டை மனத்தில் கட்டியெழுப்பும் வேலை என்றார். நிரலும் ஆவணமும் அதன் துணைவிளைவுகள். கோட்பாடு இருப்பது எழுதியவர்களின் தலையில். ஒரு குழு எழுதிய கம்பைலரை, நிரல், ஆவணம், ஆலோசனை எல்லாம் சேர்த்து இன்னொரு குழுவிடம் கொடுத்தபோது, இரண்டாவது குழு சொன்ன மாற்றங்கள் மூல அமைப்பின் வலுவையே குலைப்பதாக இருந்ததை அவர் காட்டுகிறார். எழுதியவர்கள் கலைந்துவிட்டால் நிரல் செத்ததற்குச் சமம். ஆவணங்களை மட்டும் வைத்து அந்தக் கோட்பாட்டை உயிர்ப்பிக்க முடியாது என்பது அவர் முடிவு. இதில் பெரும்பகுதி உண்மை. ஒருவரின் குறிப்புகளைப் படித்துவிட்டு அவராகவே மாறிவிட முடியாது.

ஆனால் நௌரை இந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாக நிறுத்துவது சரிவராது. முதலில், அவர் மறுப்பது ஆவணம் மட்டுமே போதும் என்பதை. நிரல் மட்டுமே போதும் என்பவருக்கு அவர் வாதம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். நிரலையும் அவர் துணைவிளைவின் பட்டியலில்தானே வைக்கிறார்? இரண்டாவது, கோட்பாட்டைக் கைவரப்பெற்றவருக்கு அவர் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, நிரலின் ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்க முடிவது. அந்த விளக்கம் வேலை நடக்கும்போது பசுமையாக இருக்கும். ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே மங்கிப்போகும். கோட்பாடு தலையில் இருக்கிறது என்பது உண்மையானால், அந்தத் தலைக்கு மறதி உண்டு என்பதும் அதே அளவு உண்மை. அடுத்தவருக்குக் கோட்பாட்டைக் கடத்த முடியாத குறிப்பு, ஏற்கெனவே அதை வைத்திருந்தவருக்கு அதை மீட்டுத்தரும். மூன்றாவதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. 1972இல் இதே நௌர், சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் நிறுத்தும் புதிருக்கு நிரல் எழுதி, அதை எழுதும்போது தன் சிந்தனை எப்படிப் படிப்படியாக நகர்ந்தது என்பதை விவரமாகப் பதிந்து ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். எழுதிவைப்பதில் பயனில்லை என்று நினைத்தவர் செய்கிற காரியமா அது?

நேரமில்லை என்பது எஞ்சியிருக்கும் ஆட்சேபம். இதற்கு அதிகம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த கிறிஸ் பார்னினும் ஸ்பென்சர் ருகாபரும் எண்பதுக்கும் மேற்பட்ட நிரலர்களின் ஏறத்தாழ 10,000 பணி அமர்வுகளை ஆராய்ந்தார்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து ஒரு நிமிடத்துக்குள் நிரலைத் திருத்தத் தொடங்கியது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மற்ற நேரங்களில், எங்கே விட்டோம் என்று பல கோப்புகளைத் திறந்து தேடி, விட்ட இழையைப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தத் தேடலை யாரும் டைம்ஷீட்டில் எழுதுவதில்லை என்பதால் அது இலவசம் என்று தோன்றுகிறது. குறிப்பெழுதும் ஐந்து நிமிடம் கண்ணுக்குத் தெரிகிறது, எனவே அது வீண்செலவு. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எந்த நிரலையும் அது விளக்கிவிடும் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்கள். என்ன செய்கிறது என்பதை நன்றாகவே விளக்கும். ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று கேட்டால், நம்பத்தக்க ஒரு காரணத்தைச் சரளமாக ஊகித்துச் சொல்லும். உண்மைக் காரணம் எங்கும் எழுதப்படாதபோது அதனால் வேறென்ன செய்ய முடியும்? டெபியனின் அந்த இரண்டு வரிகளுக்கும் நம்பத்தக்க காரணம் சொல்லித்தான் நீக்கினார்கள். ஒரு வேடிக்கையும் உண்டு. நிரல் எழுதும் இந்தக் கருவிகள் ஓர் உரையாடலிலிருந்து அடுத்ததற்கு நினைவைத் தாமாகக் கொண்டுபோக முடியாதவை என்பதால், முடித்தது என்ன, முயன்று தோற்றது என்ன, அடுத்து என்ன என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கச் சொல்லி அவற்றைப் பழக்குகிறார்கள். தனக்குக் குறிப்பு தேவையில்லை என்ற நிரலர், தன் கருவிக்கு அது கட்டாயம் என்று கண்டுகொண்டிருக்கிறார்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கோவையிலும் நடக்கும் சேவை நிறுவன வேலையில், எழுதப்படாத குறிப்புகளுக்கு மாற்றாக ஒரு சடங்கு உண்டு. அதன் பெயர் கே.டி., அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு, நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரங்களில், இரண்டு மூன்று ஆண்டு வேலையை அவர் வாயால் சொல்லச் சொல்லி ரெகார்ட் செய்வார்கள். மனத்தளவில் புது கம்பெனிக்குப் போய்விட்டவர், நினைவில் நிற்பதைச் சொல்வார். கேட்பவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. நௌர் சொன்ன சாவு இங்கே தவணை முறையில் நடக்கிறது. இதே அலுவலகங்களில்தான் தினமும் மாலையில் ஸ்டேட்டஸ் மெயிலும் போகிறது என்பது முரண். ஆனால் அந்த மெயிலில் ‘லாகின் பிரச்சினையில் வேலை செய்தேன், 60 சதவீதம் முடிந்தது’ என்றிருக்கும். அது மேலே இருப்பவரைச் சமாதானப்படுத்த எழுதியது. எழுதியவருக்கே மறுநாள் உதவாது. ‘டைம்-அவுட்டை 30 நொடிக்கு ஏற்றிப் பார்த்தேன், பிழை போகவில்லை, தாமதமாகத்தான் வந்தது. ஆகவே நெட்வொர்க் காரணமில்லை. கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பி வருகிறதா என்று சந்தேகம். நாளை லாகில் அதைத்தான் பார்க்க வேண்டும்’ என்பது முன்னேற்றக் குறிப்பு. இதைத் தங்கிலீஷில் எழுதினாலும் பாதகமில்லை, இலக்கணப் பிழையோடு எழுதினாலும் பாதகமில்லை. சதவீதம் மட்டும் வேண்டாம்.

குறிப்பெழுத நிரலர்கள் தயங்குவதற்கு அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அது நியாயமானதும்கூட. தோற்ற முயற்சிகளையும் சந்தேகங்களையும் நேர்மையாக எழுதிவைத்தால், அப்ரைசல் சமயத்தில் அதுவே சாட்சியாகிவிடுமோ என்ற பயம். மூன்று நாள் பலிக்காத வழியில் போனேன் என்று கைப்பட எழுதியவருக்கு எந்த மதிப்பெண் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்தப் பயம் இருக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல டெம்ப்ளேட் கொடுத்தாலும் ஸ்டேட்டஸ் மெயில்தான் திரும்ப வரும். எனவே குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் யாராவது அன்றாடக் குறிப்பு எழுதுகிறார் என்றால், அந்தக் கோப்பைக் கேட்காதீர்கள், கண்காணிக்காதீர்கள், அதற்கு ஒரு படிவம் வகுக்காதீர்கள். அதிலிருந்து அடுத்தவருக்குத் தேவையான காரணங்களை மட்டும் அவரே எடுத்துக் கமிட்டிலோ நிரலின் ஓரத்திலோ எழுதும்படி புல் ரிக்வெஸ்ட் ரிவ்யூவில் கேளுங்கள்: இது ஏன், வேறு எதை முயன்றீர்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். பதில் எழுத்தில் வரும்வரை அப்ரூவ் பொத்தானை அழுத்தாதீர்கள்.